பிரிட்ஜ் வெளிச்சம்

பிறந்த இரண்டாம் நாள்
நெற்றியிலும் பிடரியிலும் வயர் ஒட்டி
மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்த தாதி
"காதுக்குள் தண்ணீர் நிற்கலாம்" என்றாள்.
ஆறாம் கிழமை
அந்தத் தண்ணீர் எங்கள் கண்களுக்கு வந்திருந்தது.

ஆரபி என்று பெயர் வைத்தாயிற்று.
ராகத்தின் பெயர்.
மாற்றிவிடலாமே என்றார் மாமனார்,
கொழும்பிலிருந்து, மெல்லத்தான்.
வதனி மாட்டேன் என்றாள்.
பெயர் கூப்பிடுகிறவர்களுக்குத்தானே அப்பா.

செவ்வாய்க்கிழமைகளில் ப்ரான்வின் வருவாள்.
அவளும் பிறவியிலேயே காது கேளாதவள்.
மணியை அடிக்காமல்
டண்டினோங்கின் மழைக்குள் நின்று
ஜன்னலில் கை அசைப்பாள்.
சப்பாத்தைக் கழற்றி, கம்பளத்தில் சப்பணமிட்டு,
பிள்ளைக்கு அல்ல, எங்களுக்குத்தான் படிப்பித்தாள்:
அவள் உன்னைப் பார்க்கும்வரை கதைக்காதே.
பொம்மையைப் பார்க்கிறாளா,
பொம்மைக்குப் பக்கத்தில் உன் கையைக் கொண்டுபோ.
பொறு.
இன்னும் பொறு.

இடது கையை விரி என்றாள்.
பெருவிரல் நுனியைத் தொட்டால் ஏ,
சுட்டுவிரல் ஈ,
அப்படியே சின்னவிரல்வரை.
ஐந்து விரல், ஐந்து உயிரெழுத்து.
மிச்ச ஏழு உயிரையும் எங்கே வைப்பது என்று
நான் தமிழில் முணுமுணுத்ததை
வதனி அவளிடம் சொல்லவில்லை.

எனக்குப் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை.
தட்டுகள் ஓடும் பட்டியின் முன்னால் நின்று
கையுறைக்குள் எழுத்துக் கூட்டினேன்.
பெருவிரல், பெருவிரல்,
உள்ளங்கையில் ஒரு கொக்கி, மறுபடி பெருவிரல்.
மகளின் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு
பாணைப் பிடிக்க ஓடுவேன்.
பக்கத்தில் நின்ற நௌரூஸ்
என்ன செபம் இது என்று கேட்டான்.
விரல் தொட்டு எண்ணுவது அவனுக்குப் பழக்கம்.
ஓம், கிட்டத்தட்ட, என்றேன்.

பதினோராம் மாதம்.
மூராபினிலிருந்து கிளம்பிய சின்ன விமானம் ஒன்றின் நிழல்
காயப்போட்ட வெள்ளைத் துணியில் ஓடியது.
அண்ணாந்தாள்.
பெருவிரலும் சின்னவிரலும்
சிறகாக விரிய வேண்டும் அந்தச் சொல்லுக்கு.
அவளுக்கு விரியவில்லை.
பொத்திய முட்டியைத் தூக்கி
வானத்தில் ஒரு இழுப்பு.

வதனியின் கையிலிருந்த கவ்விகள்
புல்லில் கொட்டுண்டு கிடந்தன.
மழலை.
நாக்குக் குழறுகிற மாதிரி
விரலும் குழறும் என்று எங்களுக்கு யார் சொன்னது?

அதற்குப் பிறகு வீட்டில் அமைதி இல்லை.
சோறு ஒட்டிய கையால் கதை,
குளிக்கிற வாளிக்குள் கையை விட்டுக் கதை,
நித்திரையிலும் போர்வைக்கு மேல்
விரல்கள் யாருக்கோ எதையோ மறுக்கும்.

மாமனார் காணொளியில் இப்பவும் கேட்கிறார்:
அப்பா என்று சொல்லிட்டாளா?
நான் அவளைத் திருப்பிக் காட்டுகிறேன்.
இரண்டு விரலால் இரண்டு விரலைத் தட்டுகிறாள்,
இரண்டு தரம்.
சரி, பொறுப்பம், சொல்லுவாள் என்கிறார்.
சொல்லிட்டாள் மாமா.
லைனில் ஒரு கோளாறும் இல்லை.

நேற்று விடிய நாலரைக்கு வந்தேன்.
லைட்டைப் போட்டால் வதனி எழும்பிவிடுவாள் என்று
சுவரைத் தடவித் தடவி நடந்தால்
சமையலறையில் இவள்.
இரண்டரை வயது,
காதுக் கருவிகள் கழற்றிய தலை, வெறுங்கால்.
பிரிட்ஜ் கதவை இழுத்துத் திறந்து
அந்த வெளிச்சத்துக்குள் கைகளை நீட்டினாள்.

நாய்.
மதில். பெரிய நாய்.
பிறகு எனக்குத் தெரியாத ஒரு சொல்.
திரும்ப, என்றேன். திரும்பச் சொன்னாள்.
நான் செய்து பார்த்தேன்.
தலையை ஆட்டி, என் விரல்களைப் பிடித்து
ஒன்றை மடக்கி, ஒன்றை நிமிர்த்தி,
மணிக்கட்டைக் கொஞ்சம் சரித்துவிட்டாள்.
இன்னும் பிழைதான் போல.
என் மழலைக்குச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை ப்ரான்வினிடம் கேட்க வேண்டும்.

கதவை மூடச் சொல்லி
பிரிட்ஜ் கீக்கீ என்று கத்தத் தொடங்கியது.
எனக்கு மட்டும்.
கத்தட்டும்.
பால் பழுதாகினால் ஆகட்டும்.
நாய் என்ன செய்தது, பிறகு?